தோழர் ஓட்டம் கண்ட விக் கிளாப்பம்

ஓட்டப் பந்தயம் என்றதும் முதலில் வந்தவரின் பெயரைத்தான் நாம் கேட்கிறோம். பந்தயத்தைத் தோற்றுவித்தவர் யார், அதற்கு விதி வகுத்தவர் யார், எத்தனை மணிக்குள் வந்தால் பதக்கம் என்று முடிவு செய்தவர் யார் என்பதையெல்லாம் எவரும் கேட்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கும் டர்பன் துறைமுகத்துக்கும் இடையே நடைபெறும் காம்ரேட்ஸ் மாரத்தான் ஓட்டம் இதற்கு ஒரு விலக்கு. நாம் அறிந்த மாரத்தானின் தொலைவு 42 கிலோமீட்டர் 195 மீட்டர். இதுவோ அதைப்போல் இரண்டு மடங்குக்கும் சற்று மிகுதி. ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அந்த ஓட்டத்தை ஏற்படுத்தியவரின் பெயரில் அங்கே ஒரு பதக்கம் உண்டு. அது தங்கமன்று, வெள்ளியுமன்று, வெறும் செம்பு. எல்லோருக்கும் பின்னால், பதினோரு மணி நேரம் கடந்து பன்னிரண்டு மணி நேரம் முடிவதற்குள் தள்ளாடித் தள்ளாடி வந்து சேர்கின்றவர்களுக்கு அளிக்கப்படுவது. தோற்றுவித்தவரின் பெயரைப் போய்க் கடைசிப் பதக்கத்துக்கு வைப்பதா என்று முதலில் தோன்றும். விக் கிளாப்பம் என்னும் அம்மனிதரின் வாழ்வையும், அவர் வகுத்த விதிகள் பின்னர் பட்ட பாட்டையும் அறிந்தால், அந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்பது விளங்கும்.

விக்டர் கிளாப்பம் 1886-ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தவர். பெற்றோருடன் சிறு வயதிலேயே தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். 1899-இல் ஆங்கிலேயருக்கும் போயர் எனப்பட்ட டச்சு வழிக் குடியானவர்களுக்கும் போர் மூண்டது. பதின்மூன்று வயதுச் சிறுவனான கிளாப்பம் காயம்பட்டோரைத் தூக்கும் மருத்துவ உதவிப் படையில் பெயர் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய பிள்ளை போர்முனையில் இருந்தான். அதே போரில், நேட்டாலில், காந்தியடிகள் திரட்டிய இந்தியர் மருத்துவ உதவிப் படையினரும் தூக்குக் கட்டில் சுமந்தனர் என்பதை வரலாற்று மாணவர் அறிவர். அப்படையினரில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். 1860 நவம்பரில் ‘டுரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் சென்று சேர்ந்தது முதல் அம்மண்ணில் குடியேறிய தமிழரும் தெலுங்கரும் அவர்களுள் இருந்தனர். கிளாப்பம் அவர்களைக் கண்டதில்லை. அவர் இருந்தது வேறு பகுதி. ஆனால் இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வேண்டியிருக்கும்.

போர் முடிந்தது. வளர்ந்து ஆளான கிளாப்பம் நேட்டாலுக்கு வந்து தென்னாப்பிரிக்க இரயில்வேயில் எஞ்சின் ஓட்டுநரானார். கரியும் புகையுமான அந்த வேலையில் அவர் அமைதியாகக் காலம் கழித்திருக்கக் கூடும். 1914 அதை விடவில்லை. முதல் உலகப் போரில் அவர் எட்டாவது தென்னாப்பிரிக்கக் காலாட்படையில் சேர்ந்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மானியரின் தளபதி லெட்டோ ஃபோர்பெக், சிறு படையை வைத்துக்கொண்டு பெரும் படைகளுக்குப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவரைத் துரத்திச் செல்வதே இவர்கள் வேலை. துரத்தல் என்றால் ஒரு நாள் இரண்டு நாள் துரத்தலன்று. கிளாப்பமும் அவருடைய தோழர்களும் அந்தக் காட்டிலும் வெயிலிலும் சதுப்பிலும் நடந்த தொலைவு 2,700 கிலோமீட்டர் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. குண்டு பட்டு மாண்டவர்களைவிட மலேரியாவிலும் வயிற்றுக்கடுப்பிலும் மாண்டவர்களே மிகுதி. எழுதுகோல் பிடித்த கையும் கடையில் தராசு பிடித்த கையும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடந்தன. அவர்கள் பயில்வான்கள் அல்லர், ஓட்டக்காரர்களும் அல்லர். ஆயினும் நடந்தார்கள். அந்தக் காட்சி கிளாப்பத்தின் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அந்தக் கிழக்கு ஆப்பிரிக்கப் போர்முனையில் நம்மவர்களும் இருந்தனர். 1914 நவம்பரில் தாங்கா துறைமுகத்தில் இறங்கித் தோற்றுத் திரும்பிய இந்தியப் படைகளுள் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-ஆம் காலாட்படையும் ஒன்று. இவர்களைவிட எண்ணிக்கையில் பெரியது, வெள்ளைப் படைகளின் சோற்று மூட்டையையும் குண்டுப் பெட்டியையும் தலையில் சுமந்த ஆப்பிரிக்கச் சுமையாளரின் கூட்டம். பல்லாயிரவர் நோயிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தனர். கிளாப்பம் நடந்த அதே வழியில்தான் அவர்களும் நடந்தார்கள், சுமையோடு நடந்தார்கள்.

1918-இல் போர் ஓய்ந்தது. ஊர் திரும்பிய கிளாப்பம், மாண்ட தோழர்களுக்கு நினைவுச் சின்னம் ஒன்று வேண்டும் என்று எண்ணினார். கல்லில் எழுப்பும் தூண் அவருக்கு உவப்பாக இல்லை. உயிருள்ள மனிதர் உடலை வருத்திச் செய்யும் ஒன்றே அந்த நடைக்கு ஈடாகும் என்பது அவர் கருத்து. இங்கிலாந்தில் இலண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை 50 மைலுக்கு மேற்பட்ட நடைப்போட்டியை, 1903-இல் பங்குச் சந்தையைச் சேர்ந்தவர்கள் நடத்தியிருந்தனர். அதை அவர் அறிந்திருந்தார். அதேபோல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை ஓர் ஓட்டம் நடத்தலாமே என்று, போரிலிருந்து திரும்பியோர் அமைத்திருந்த ‘பெரும்போர்த் தோழர் சங்க’த்திடம் விண்ணப்பித்தார். சங்கத்தார் திகைத்தனர். 56 மைல் ஓடினால் மனிதன் பிழைப்பானா என்று அஞ்சி மறுத்தனர். அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து வந்த சாதாரண மனிதன் போரில் அத்தனை நூறு மைல் நடக்க முடியுமென்றால், பயிற்சி பெற்ற ஓட்டக்காரன் ஒரு பகலில் இந்தத் தொலைவைக் கடக்க முடியாதா என்பதே கிளாப்பத்தின் வாதம். மறுத்தனர், மீண்டும் கேட்டார். மீண்டும் மறுத்தனர். 1921-இல்தான் இசைந்தனர். இசைந்ததோடு செலவுக்கென ஒரு பவுண்டு பணமும் கொடுத்தனர். நன்கொடையாக அன்று, திருப்பித் தரவேண்டிய கடனாக! நூறாண்டு கடந்து நிற்கும் ஓர் ஓட்டத்தின் முதல் அவ்வளவுதான்.

1921 மே 24. அன்று பேரரசு நாள் விடுமுறை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர மண்டபத்தின் முன் 34 பேர் நின்றனர். பெயர் கொடுத்தவர்கள் 48 பேர். விடிந்ததும் பதினான்கு பேரைக் காணவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நகர எல்லையைத் தாண்டினால் பெரும்பாலும் மண் சாலை. பாலி ஷார்ட்ஸ், இன்ச்சாங்கா, போத்தாஸ் குன்று, ஃபீல்ட்ஸ் குன்று, கௌவீஸ் குன்று என்று ஒன்றன்பின் ஒன்றாக மேடுகள். டர்பன் கடல் மட்டத்தில் இருப்பது; பீட்டர்மாரிட்ஸ்பர்க் 600 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பது. எனவே டர்பனை நோக்கி ஓடுவதை இறங்கோட்டம் என்றும், எதிர்த்திசையில் ஓடுவதை ஏறோட்டம் என்றும் வழங்குவர். இறங்கோட்டம் எளிது என்று நாம் நினைப்போம். ஓடியவர்களைக் கேட்டால், தொடைச் சதைகளை நார் நாராகக் கிழிப்பது இறக்கமே என்பார்கள்.

அந்த முதல் ஓட்டத்துக்குக் குறிக்கப்பட்ட கால வரம்பு 12 மணி நேரம். இதை இங்கு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. காலை முதல் மாலை வரை, ஒரு முழுப் பகல். வேகமாக ஓடத் தெரிந்தவன் மட்டுமின்றி, ஓடியும் நடந்தும் மூச்சு வாங்கி நின்றும் மனம் தளராமல் வருகிறவனும் முடிப்பதற்கு இடம் கொடுத்த வரம்பு அது. போரில் அவர் கண்ட நடை அத்தகையது அல்லவா? டிரான்ஸ்வால் பகுதியின் கோஸ்டர் என்னும் ஊரிலிருந்து வந்த பில் ரோவன் என்பவர் 8 மணி 59 நிமிடத்தில் முதலில் வந்தார். அடுத்தவரான ஹாரி பிலிப்ஸ் வந்து சேர மேலும் 41 நிமிடம் ஆயிற்று. தொடங்கிய 34 பேரில் முடித்தவர் 16 பேர். எவரும் சாகவில்லை. சங்கத்தாரின் அச்சம் அத்தோடு நீங்கியது.

மறு ஆண்டு திசையை மாற்றி டர்பனிலிருந்து மேல்நோக்கி ஓடினர். அன்று முதல் ஓராண்டு இறக்கம், ஓராண்டு ஏற்றம் என்பது பெரும்பாலும் மரபாயிற்று. அந்த 1922-ஆம் ஆண்டு ஓட்டத்தில் வந்தவர் ஆர்தர் நியூட்டன். வயது 39, பண்ணைக்காரர். அவருடைய நிலம் இருந்த வட்டாரத்தை ஆப்பிரிக்கர் குடியிருப்புக்கென அரசு ஒதுக்கியதால் தமக்கு இழப்பு நேர்ந்ததென்றும், அரசு அதைச் செவிமடுக்கவில்லை என்றும் அவருக்கு மனக்குறை. ஊரறிந்த ஓட்டக்காரனாகிவிட்டால் தம் வழக்கையும் ஊர் கேட்கும் என்று எண்ணி, நடுத்தர வயதில் ஓடத் தொடங்கினார். இப்படியொரு காரணத்துக்காக ஓடிய மனிதர் உலகில் வேறொருவர் இருப்பாரா என்பது ஐயமே. வழக்கில் அவர் வெல்லவில்லை. பந்தயத்தில் 1922, 1923, 1924, 1925, 1927 என ஐந்து முறை வென்றார். 1923-இலேயே ஏழு மணி நேரத்துக்குள் ஓடிக் காட்டினார். அவர் இளைப்பாறியதாகச் சொல்லப்படும் சாலையோரக் கரைப் பள்ளம் ஒன்றை ‘ஆர்தரின் இருக்கை’ என்று இன்றும் காட்டுவர். ஓடுகிறவர்கள் அதற்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போவார்கள்.

நியூட்டனுக்கு நேர் எதிர், அதே 1922-இல் ஓடிய பில் பெய்ன் என்னும் ரக்பி ஆட்டக்காரர். ரக்பிக் காலணியோடே ஓடினார். வழியில் நின்று நின்று உண்டார். கோழிக்கறிக் குழம்பும் உண்டார் என்று கதை சொல்வார்கள். எட்டாவதாக வந்து சேர்ந்தார்! நேட்டாலில் கறிக்குழம்பு எவ்வழி வந்தது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளாப்பத்தின் பன்னிரண்டு மணி நேரம் இந்த இருவருக்கும் இடம் கொடுத்தது.

ஆனால் எல்லோருக்கும் கொடுக்கவில்லை. ஓட்டம் வெள்ளை ஆடவருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1923-இல் பிரான்சிஸ் ஹேவர்ட் என்னும் பெண்மணி பெயர் கொடுத்தார். பெண் என்பதால் ஏற்கவில்லை. அவரோ வந்து நின்று ஓடினார். 11 மணி 35 நிமிடத்தில் ஓடி முடித்தார். பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை, பதக்கமும் இல்லை. ஆனால் உடன் ஓடியவர்களும் பார்வையாளரும் தம்முள் பணம் திரட்டி, வெள்ளித் தேநீர்க் கலங்களும் ஒரு கிண்ணமும் வாங்கி அவருக்குப் பரிசளித்தனர். சட்டம் தராததை மக்கள் தந்தனர். 1930-களின் தொடக்கத்தில் ஜெரால்டின் வாட்சன் என்னும் மற்றொரு பெண்மணி மூன்று ஆண்டு தொடர்ந்து ஓடினார். ஏற்றமும் இறக்கமும் முடித்த முதற்பெண் அவரே. அவரும் கணக்கில் இல்லாதவரே.

1935-இல் ராபர்ட் ம்ட்ஷாலி என்னும் கறுப்பின இளைஞர் ஓடினார். 9 மணி 30 நிமிடம். முதல் ஓட்டத்தில் வென்றவரைவிட அரை மணி நேரமே மிகுதி. கிளாப்பம் நடந்த காட்டு வழியில் சுமை தூக்கியவர்களும் இவரும் ஒரே நிறத்தவர். ‘தோழர்’ என்ற பெயரைச் சூடிய ஓட்டத்தில் அவருக்குப் பதக்கம் கிடையாது. பட்டியலில் இடமும் கிடையாது. அதிகாரபூர்வமற்ற முறையில் நகர மன்ற உறுப்பினர் ஒருவர் ஒரு பரிசளித்ததோடு சரி. தோட்டங்களில் ஒப்பந்தம் முடித்து டர்பனிலேயே தங்கிவிட்ட நம் தமிழரின் பிள்ளைகளுக்கும் இதே விதிதான். அவர்கள் சாலையோரம் நின்று பார்க்கலாம்; ஓடக் கூடாது. கிளாப்பம் இந்த வேலியைத் தாமே நட்டார் என்று சொல்வதற்கில்லை. அந்நாட்டின் காற்றிலேயே அது இருந்தது. அவர் அதைப் பிடுங்க முயன்றார் என்று சொல்லவும் சான்றில்லை. சாதாரண மனிதனின் கால்களில் அவர் வைத்த நம்பிக்கை பெரியது. எந்த மனிதனின் கால்கள் என்பதில் மட்டும் அவர் காலத்தவராகவே இருந்துவிட்டார். அவரைப் புகழ்ந்து எழுதுவோர் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்து ஓடிவிடுகிறார்கள். எனக்கு அது முறையாகத் தோன்றவில்லை.

இதற்கிடையே 1928-இல் இன்னொரு மாறுதல் வந்தது. கால வரம்பு 12 மணியிலிருந்து 11 மணியாகக் குறைக்கப்பட்டது. ஓட்டக்காரர்களின் வேகம் கூடிவிட்டது, பந்தயத்தின் தரமும் உயரவேண்டும் என்று நினைப்பது இயல்பே. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நரை கூடியவர்களும், பருத்தவர்களும், முதன்முறை ஓடுகிறவர்களும், பிரான்சிஸ் ஹேவர்ட் போன்றோரும் இருந்தார்கள். அவர் ஓடிய 11 மணி 35 நிமிடம் இப்போது தோல்வியாகிவிட்டது. ஒரு கோட்டை இழுத்து ஓரடி முன்னே போட்டவுடன், நேற்று வீரனாக இருந்தவன் இன்று எல்லைக்கு வெளியே நிற்கிறான். அவன் கால் என்னவோ அதே கால்தான்.

இந்த எல்லையைக் காக்கும் முறை விந்தையானது. நேரம் முடியும் தறுவாயில் அதிகாரி ஒருவர் கையில் துப்பாக்கியோடு எல்லைக்கோட்டருகே வந்து நிற்பார். வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். முகத்தைப் பார்த்தால் மனம் இளகிவிடும் அல்லவா? குறித்த நொடியில் சுடுவார். உடனே வழி அடைபடும். 90 கிலோமீட்டர் ஓடிவந்து இரண்டு கஜ தூரத்தில் நிற்பவனும் அவ்வளவுதான். தொடக்கத்திலும் இதே கண்டிப்பு. ஆயிரக்கணக்கானோர் திரண்டு நிற்கும் கூட்டத்தில் கடைசியில் நிற்பவன் தொடக்கக் கோட்டைத் தாண்டுவதற்கே சில நிமிடம் ஆகும். ஆனால் கணக்குத் தொடங்குவது அவன் கோட்டைத் தாண்டும்போதன்று, துப்பாக்கி வெடித்தபோது. அத்துப்பாக்கிக்கு முன் ஒரு சேவல் கூவும். 1948-இல் மாக்ஸ் டிரிம்போர்ன் என்பவர் வாயால் சேவலைப்போல் கூவிக்காட்டியது மரபாகி, பின்னர் அவர் குரலைப் பதிவு செய்து ஒலிக்கச் செய்தனர். கண்டிப்புக்கு நடுவே இப்படி ஒரு குறும்பு.

இரண்டாம் உலகப் போரின்போது 1941 முதல் 1945 வரை ஓட்டம் நடைபெறவில்லை. முன்பு வென்றவரான ஃபில் மாஸ்டர்டன் ஸ்மித் அப்போரில் மாண்டார். 1931-இல் பத்தொன்பது வயதில் வெற்றி பெற்ற இளைஞர் அவர். 1933-இல் இரயில் கட்டணத்துக்குக் கையில் காசில்லாமல் கேப் டவுனிலிருந்து மிதிவண்டியிலேயே வந்து ஓடிப் பத்தாவதாக முடித்தவர். தோழர் நினைவுக்காக ஓடியவர் தாமே நினைவாகிப் போனார்.

போருக்குப் பின் ஓங்கிய பெயர் வாலி ஹேவர்ட். 1930-இல் 21 வயதில் வென்றவர், இருபது ஆண்டு கழித்து 1950-இல் மீண்டும் வந்து வென்றார். 1951, 1953, 1954 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார். 1953-இல் ஆறு மணி நேரத்துக்குள் ஓடிய முதல் மனிதரும் அவரே. அத்தகையவரையும் ஒரு விதி வீழ்த்தியது. இங்கிலாந்து சென்று ஓடுவதற்கான வழிச் செலவுக்கு அன்பர்கள் திரட்டித் தந்த பணத்தைப் பெற்றுக்கொண்டார் என்பதற்காக, அவர் கூலிக்கு ஓடுபவர் என்று முத்திரை குத்தப்பட்டு, பல்லாண்டுகள் பந்தயங்களிலிருந்து விலக்கப்பட்டார். காசுக்காக ஓடாதவனே மெய்யான விளையாட்டு வீரன் என்ற அக்கால நெறி, காசில்லாதவனை ஓடவே விடாத நெறியாகவும் இருந்தது.

பந்தயத்தைக் கிளாப்பம் பல ஆண்டுகள் பொறுப்பேற்று நடத்தினார். பிறகு அது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் காலீஜியன் ஹாரியர்ஸ் என்னும் ஓட்டக்காரர் கழகத்தின் கைக்குச் சென்றது. கிளாப்பம் 1962-இல் காலமானார். அந்த ஆண்டில் நடந்ததை எண்ணிப் பார்க்கலாம். இங்கிலாந்திலிருந்து ஓட்டக்காரர்கள் கடல் கடந்து வந்து அந்த ஓட்டத்தில் கலந்துகொண்டனர். அவர்களுள் ஒருவரான ஜான் ஸ்மித்தே வென்றார். ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்தவருக்குத் திறந்திருந்த வழி, அச்சாலையின் ஓரத்திலேயே குடிசை போட்டு வாழ்ந்த ஜூலு இளைஞனுக்கு அடைபட்டிருந்தது. இனவொதுக்கல் அரசின் கை ஓங்கியிருந்த காலம் அது. அவ்வேளையிலும் கறுப்பினத்தாரும் பெண்களும் எண்ணில்லாத சட்டையோடு ஓடிக்கொண்டுதான் இருந்தனர். எல்லையைத் தொட்டார்கள், ஏட்டில் இல்லை.

1975-இல் நடந்தது ஐம்பதாவது ஓட்டம். அந்தப் பொன்விழாவில்தான் பெண்களுக்கும் கறுப்பினத்தாருக்கும் முறைப்படி வழி திறந்தது. லெசோத்தோ நாட்டைச் சேர்ந்த வின்சென்ட் ரக்கபேலே இருபதாவதாக வந்து, அதிகாரபூர்வமாகப் பதக்கம் பெற்ற முதல் கறுப்பினத்தவரானார். எலிசபெத் கவனா என்பவர் பெண்களில் முதல்வராகப் பட்டியலில் ஏறினார். பிரான்சிஸ் ஹேவர்ட் ஓடி 52 ஆண்டுகள் கழிந்திருந்தன. 1989-இல் சாம் ஷபலாலா வென்று, கறுப்பினத்தவருள் முதல் வெற்றியாளரானார். அதே 1989 ஓட்டத்தின் மறு முனையில் இன்னொருவர் ஓடிக்கொண்டிருந்தார். வாலி ஹேவர்ட்! வயது 80. பதினோரு மணி நேர எல்லை முடிய இன்னும் 1 நிமிடம் 57 நொடியே இருக்கும்போது கோட்டைக் கடந்து வந்தார். முதலில் வந்த ஷபலாலாவை நாடே பார்த்தது. கடைசியில் வந்த கிழவருக்காகவும் நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பதக்கங்களின் கதை இங்கேதான் சுவைப்படுகிறது. தொடக்க காலத்தில் குறித்த நேரத்தில் முடித்தவர்க்கு வெள்ளி என்றிருந்தது. முன்னணியில் வருபவர் சிலருக்குத் தங்கம் பிற்பாடு வந்தது. ஓடுகிறவர் தொகை பெருகவே, 1970-களில் ஏழரை மணி நேரத்துக்குள் வருபவர்க்கு வெள்ளி, அதற்குப் பின் வருவோர்க்கு வெண்கலம் எனப் பிரித்தனர். இதில் ஒரு கேடு உண்டு. எட்டு மணியில் வருகிறவனுக்கும் பத்தே முக்கால் மணியில் வருகிறவனுக்கும் ஒரே வெண்கலம். நடுவில் எட்டிப் பிடிக்க எதுவுமில்லை. ஆகவே 2000-ஆம் ஆண்டில் ஒன்பது மணி நேரத்துக்குள் முடிப்போர்க்கு பில் ரோவன் பதக்கம் என ஒன்று ஏற்படுத்தினர். ஏன் ஒன்பது மணி? முதல் ஓட்டத்தில் ரோவன் வென்ற நேரம் 8 மணி 59 நிமிடம், அதுதான் அளவு. 1921-இல் வெற்றி வீரன் எடுத்த நேரத்தை ஒரு பள்ளி ஆசிரியரோ அஞ்சல் ஊழியரோ எட்டிவிட்டால் அவருக்கு அந்த வீரனின் பெயர். 2007-இல், முதல் பதின்மருக்குள் வராமல் ஆறு மணி நேரத்துக்குள் முடிப்போர்க்கு வாலி ஹேவர்ட் பதக்கம் வந்தது. 1953-இல் அவர் தகர்த்த அந்த ஆறு மணி வேலியே இதற்கு அளவு. ஒருகாலத்தில் விலக்கி வைக்கப்பட்டவரின் பெயர் பதக்கமாயிற்று.

2019-இல் இரண்டு பெயர்கள் சேர்ந்தன. ஒன்று ஈசவெல் ரோஷ் கெல்லி. 1980-இல் பெண்களில் முதன்முதலாக ஏழரை மணிக்குள் ஓடியவர். 1984-இல் இளம் வயதிலேயே விபத்தொன்றில் மறைந்தவர். அந்த நேரத்துக்குள் முடிக்கும் பெண்களுக்கு அவர் பெயர். மற்றொன்று ராபர்ட் ம்ட்ஷாலி. ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் முடிப்போர்க்கு அவர் பெயரிலான பதக்கம். அவர் எடுத்த 9 மணி 30 நிமிடம் அந்த இடைவெளியின் சரி நடுவில் விழுகிறது. 84 ஆண்டுக்கு முன் அவர் பெயரை ஏட்டில் எழுத மறுத்த ஓட்டத்தில், ஒவ்வோர் ஆண்டும் எல்லா இனத்தவரும் நிறத்தவரும் அவர் பெயரைக் கழுத்தில் அணிந்து வீடு திரும்புகின்றனர். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் வாழும் தமிழ் வழியினரும் இன்று ஓடலாம், தடையில்லை.

இவற்றுக்கு நடுவே 2003-இல் வந்த மாறுதலே நம் கதைக்கு உரியது. அவ்வாண்டு முதல் கால வரம்பு மீண்டும் 12 மணி நேரமாக்கப்பட்டது. 1928-இல் பறித்த ஒரு மணியை 75 ஆண்டு கழித்துத் திருப்பிக் கொடுத்தனர். அந்த ஒரு மணி நேரத்துக்குள் வருவோர்க்குத் தனிப் பதக்கம் வேண்டுமே என்றபோது, அதற்கு விக் கிளாப்பத்தின் பெயரைச் சூட்டினர். இளகிய மனத்தால் தரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று முணுமுணுத்த பழைய ஓட்டக்காரர்களும் உண்டு. பதினோரு மணி எல்லைக்குள் உயிரைக் கொடுத்து வந்தவர்களுக்கு அந்தக் குறை இருக்கத்தான் செய்யும். அது நியாயமற்ற குறை என்றும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இது புதிதாகக் கொடுத்த சலுகையன்று. முதல் நாளே கிளாப்பம் போட்ட கணக்கு. அந்தக் கணக்குப்படி பார்த்தால், 1923-இல் தேநீர்க் கலங்களோடு வீடு திரும்பிய பிரான்சிஸ் ஹேவர்டுக்கு இன்று கிடைக்கக்கூடியது, 11 மணி 35 நிமிடத்துக்குரிய அந்தச் செம்புப் பதக்கமே.

பதக்கம் சிறியது; உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். வென்றவர்கள் பரிசு பெற்று, குளித்து, உண்டு, உறங்கப் போன பிறகு, பொழுது சாயும் வேளையில் அது வழங்கப்படுகிறது. ஒருவர் மற்றொருவரின் தோளில் கை போட்டுக்கொண்டு வருவதும், விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி அழைத்து வருவதும் அந்த ஒரு மணி நேரத்தில் மிகுதியாகக் காணும் காட்சி. துப்பாக்கியோடு முதுகு காட்டி நிற்கும் அதிகாரி அதையெல்லாம் பார்ப்பதில்லை. கடிகாரம் 12 மணி நேரத்தைத் தொடும்போது சுடுகிறார்.